தன்னை ஆராயும் ஜெபமும் மனந்திரும்புதலும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

கிறிஸ்தவ வாழ்வில் புதிதாக அடியெடுத்து வைப்பவர்களுக்கு, ஜெபத்தில் நன்றி சொல்வதும் தேவைகளைக் கேட்பதும் விரைவில் பழகிவிடுகின்றன. பாவ அறிக்கை என்னும் பகுதிக்கு வரும்போதுதான் பலரும் திகைத்து நிற்கிறார்கள். இங்கே ரங்கூனில் உள்ள தமிழ்ச் சபைகளின் ஞானஸ்நான வகுப்புகளிலும் கத்தோலிக்கப் பங்குகளின் மறைக்கல்வி வகுப்புகளிலும் இந்தத் திகைப்பு பெரும்பாலும் இரண்டு விதமாக வெளிப்படுகிறது. "நான் யாரையும் ஏமாற்றியதில்லை, குடிப்பதில்லை, திருடுவதில்லை, எதைத்தான் அறிக்கையிடுவது?" என்று கேட்பவர்கள் ஒரு சாரார். "செய்ததையெல்லாம் எண்ணத் தொடங்கினால் ஜெபிக்க வாயே வராது" என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் மறு சாரார். இவ்விருவரும் நேர் எதிரானவர்களாகத் தோன்றினாலும், ஒரே இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். தம்மைத் தாமே தனியாக விசாரித்து, தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று இருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் இரண்டு சொற்களுக்கும் எளிய விளக்கம் தந்துவிடலாம். தன்னை ஆராய்தல் என்பது, தன்னுடைய சொல், செயல், எண்ணம் ஆகியவற்றையும், செய்திருக்க வேண்டியும் செய்யாமல் விட்டவற்றையும் கடவுளின் முன்னிலையில் மறைக்காமல் பார்ப்பது. கத்தோலிக்கர்கள் இதை ஆத்தும சோதனை என்பார்கள். மனந்திரும்புதல் என்பது, அவ்வாறு கண்டதைத் தவறென்று ஒப்புக்கொண்டு, அதை விட்டுக் கடவுளிடம் திரும்பி, அந்தத் திருப்பத்துக்கு ஏற்றபடி நடையை மாற்றிக்கொள்வது. இவ்வளவும் பெரும்பாலோர் கேள்விப்பட்டதுதான். புதியவர்கள் கவனிக்கத் தவறுவது வேறொன்று: இவ்விரண்டையும் மனிதன் தன் முயற்சியால் சாதிப்பதில்லை, கேட்டுத்தான் பெற்றுக்கொள்கிறான். அதனால்தான் இவற்றுக்காக ஜெபிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஜெபத்துக்கு மிகப் பழைய மாதிரி 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களில் இருக்கிறது. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும், என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும். வேதனை உண்டாக்கும் வழி என்னிடத்தில் உண்டோ என்று பார்த்து, நித்திய வழியிலே என்னை நடத்தும்." இதே சங்கீதத்தின் முதல் வசனத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்றுதான் சங்கீதம் தொடங்குகிறது. ஏற்கெனவே ஆராய்ந்து முடித்தவரிடம் மறுபடியும் ஆராயும்படி ஏன் கேட்க வேண்டும்? கடவுளுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிப்பதற்காக இந்த ஜெபம் செய்யப்படுவதில்லை. அவர் அறிந்திருப்பதைத் தானும் காண வேண்டும், கண்டபின் அதை மறுக்காமல் இருக்க வேண்டும் என்ற சம்மதத்தைத்தான் ஜெபிக்கிறவர் அங்கே கொடுக்கிறார். அந்த வேண்டுதல் முடிவதும் ஆராய்ச்சியில் இல்லை, "நடத்தும்" என்பதில். நடத்திச் செல்லும் நோக்கத்தோடு ஒருவர் ஆராய்கிறார் என்பது தெரிந்திருந்தால், அந்தப் பார்வைக்கு முன் நிற்பது அவ்வளவு அச்சமூட்டுவதில்லை.

மனிதன் தன்னைத் தானே ஏன் சரியாகப் பார்க்க முடியாது என்பதற்கு எரேமியா தீர்க்கதரிசி மிகக் கடுமையான பதிலைத் தருகிறார்: "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?" இது எல்லோரும் எப்போதும் வேண்டுமென்றே பொய் சொல்லுகிறார்கள் என்ற குற்றச்சாட்டாக இருக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் பழக்கமே கண்ணைக் கட்டிவிடுகிறது. பஜாரில் ஙப்பி என்னும் மீன் விழுது விற்கும் அம்மாவுக்குத் தன் கடையின் வாடை தெரிவதில்லை; தெருமுனையில் வருகிறவனுக்குத்தான் தெரிகிறது. "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று 19ஆம் சங்கீதம் வேண்டுவதும் இந்தக் காரணத்தால்தான்.

தாவீது ராஜாவின் கதை இதற்குச் சிறந்த பாடம் என்பதால் அதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. தன் படைவீரனான உரியாவின் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகும்படி ஏற்பாடு செய்கிறான். நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வரும்போது குழந்தை பிறந்துவிட்டது. அதாவது, மாதங்கள் பல கடந்துவிட்டன. அந்த மாதங்களிலெல்லாம் தாவீது அரசாண்டிருக்கிறான், வழக்குகளைத் தீர்த்திருக்கிறான், ஆராதித்தும் இருப்பான். நாத்தான் நேரடியாகக் குற்றம் சாட்டாமல், ஏராளமான ஆடுமாடுகள் வைத்திருந்த ஐசுவரியவான் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து சமைத்த கதையைச் சொல்கிறான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அந்த மனிதன் சாக வேண்டும், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். "நீயே அந்த மனுஷன்" என்கிறான் நாத்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தாவீதின் மனச்சாட்சி மரத்துப்போயிருக்கவில்லை என்பதுதான். மற்றவனுடைய வழக்கில் அது கூர்மையாக வேலை செய்தது. ஓர் ஆட்டுக்குட்டிக்காகக் கொதித்தெழுந்தது. தன்னுடைய வழக்கில் மட்டும் அது கண்மூடிக் கிடந்தது. ஆகவே, நியாய உணர்வு நமக்கு அதிகம் இருப்பது நம்மை நாம் அறிந்திருக்கிறோம் என்பதற்குச் சான்றாகாது. மற்றவர்களின் தவறுகளைப் பார்த்து நமக்கு அடிக்கடி கோபம் வருகிறதென்றால், "இதே காரியம் வேறு உருவத்தில் என்னிடத்தில் இருக்கிறதா?" என்று கேட்க அதுவே நல்ல தருணம்.

இன்னொன்றையும் இந்தக் கதை சொல்லாமல் சொல்கிறது. கடவுள் தாவீதை ஆராய்ந்தது ஒரு மனிதனின் வாய்மொழியின் மூலமாக. "என்னை ஆராய்ந்து பாரும்" என்று நாம் மனமுருகி ஜெபிக்கிறோம். பதில் மனைவியின் வாயிலிருந்தோ, வளர்ந்த மகளிடமிருந்தோ, கடையில் வேலை செய்யும் பர்மியப் பையனிடமிருந்தோ வந்தால் மட்டும் முகம் சுளித்துவிடுகிறோம். ஜெபித்த அன்றே மருமகள் ஒரு குறையைச் சொன்னால் அதைச் சாத்தானின் தூண்டுதல் என்று ஒதுக்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. வீட்டில் உள்ளவர்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்பதில்லை. ஆயினும் ஒரே குறையை ஒருவரோடொருவர் கலந்து பேசாத இரண்டு மூன்று பேர் சொன்னால், அதைக் கடவுளின் பதிலாக எடுத்துக்கொண்டு யோசிப்பதே விவேகம்.

தன் நீதியில் பெருமைகொண்ட பரிசேயனும், வரி வசூலிக்கும் ஆயக்காரனும் தேவாலயத்தில் ஜெபித்த உவமையை எல்லோரும் அறிவார்கள்; நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பரிசேயனும் அங்கே தன்னை ஆராயத்தான் செய்தான், ஆனால் பக்கத்தில் நின்றவனை அளவுகோலாக வைத்துக்கொண்டான். ஆயக்காரனோ யாரையும் பார்க்காமல், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டான்.

இனி மனந்திரும்புதலுக்கு வருவோம். வருத்தப்படுவதும் மனந்திரும்புவதும் ஒன்றென்று நினைப்பது மிகப் பரவலான தவறு. ஆராதனையில் கண்ணீர் வந்தால் மனந்திரும்பிவிட்டோம் என்றும், கண்ணீர் வராவிட்டால் இருதயம் கடினப்பட்டுவிட்டது என்றும் பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். "தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது" என்று பவுல் எழுதும்போது, துக்கத்திலேயே இரண்டு வகை உண்டென்று காட்டுகிறார். துக்கம் மனந்திரும்புதலுக்கு வழியாக இருக்கலாம். அதுவே மனந்திரும்புதல் ஆகிவிடாது.

இயேசு பிடிபட்ட இரவில் தவறியவர்கள் இருவர்: மூன்று முறை மறுதலித்த பேதுரு, காட்டிக்கொடுத்த யூதாஸ். யூதாஸ் வருந்தவில்லை என்று சொல்ல முடியாது. மத்தேயு சுவிசேஷத்தின்படி அவன் மனஸ்தாபப்பட்டான். "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வெளிப்படையாக அறிக்கையிட்டான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். துக்கம், அறிக்கை, பொருளைத் திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் அவனிடத்தில் இருந்தன. ஆனால் அவன் அவற்றைக் கொண்டுபோனது பிரதான ஆசாரியர்களிடத்தில். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைகழுவிவிட்டார்கள். பேதுரு மனங்கசந்து அழுதான். ஆனாலும் மற்ற சீஷர்களை விட்டுப் போகாமல் அவர்களோடு இருந்தான். திபேரியா கடற்கரையில் இயேசுவைக் கண்டதும் படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தான். மூன்று முறை மறுதலித்தவனிடம் "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி மூன்று முறை வந்தது, மூன்று முறையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இருவரின் துக்கத்தில் எது ஆழமானது என்று நம்மால் அளக்க முடியாது. பேதுரு யாரிடத்தில் திரும்பினான் என்பதுதான் அவனைக் காப்பாற்றியது.

பௌத்தக் குடும்பத்திலோ இந்துக் குடும்பத்திலோ பிறந்து கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். நம் பர்மிய அண்டைவீட்டார் மன்னிப்புக் கேட்பதை அறியாதவர்கள் இல்லை. தடிங்யுட் திருநாளில் இளையவர்கள் பெற்றோரையும் ஆசிரியரையும் பெரியவர்களையும் வணங்கி, உடலாலும் வாக்காலும் மனத்தாலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி கேட்பதை இந்நாட்டில் வாழும் எவரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பணிவிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது; நம் வீடுகளில் தம்பி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பதே அரிதாகிவிட்டது. கிறிஸ்தவ நம்பிக்கை இதனோடு கூட்டிச் சொல்வது, செய்த வினையின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பைக் கடவுளே கிறிஸ்துவின் சிலுவையில் ஏற்றுக்கொண்டார் என்பதை. ஆதலால் நற்செயல்களைச் சேர்த்துவைத்து மன்னிப்பை ஈட்ட வேண்டியதில்லை. தேவனுடைய தயவுதான் மனிதனைக் குணப்படும்படி ஏவுகிறது என்று ரோமருக்கு எழுதிய நிருபம் கூறுகிறது. முதலில் நாம் திருந்தி, அதைப் பார்த்து அவர் தயவு காட்டுகிறார் என்ற வரிசையைப் பவுல் இங்கே தலைகீழாக்கிவிடுகிறார்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டின் கிறிஸ்தவ வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அதொனிராம் ஜட்சனை அறியாத பர்மியக் கிறிஸ்தவர் இருக்க முடியாது. 1813ஆம் ஆண்டு ஜூலையில் மனைவி ஆனுடன் ரங்கூனில் வந்திறங்கிய அந்த அமெரிக்க மிஷனெரி, முதல் ஆங்கில-பர்மியப் போரின்போது அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் விலங்கிடப்பட்டுச் சிறையில் வாடினார். 1826 அக்டோபர் 24 அன்று, அவர் வணிக உடன்படிக்கைப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்த வேளையில், ஆன் அம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் காலமானார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போய்விட்டாள். அதன்பின் ஜட்சனின் தன்னாய்வு மெல்ல மெல்ல ஓர் இருட்டுக்குள் இறங்கியது. தான் மிஷனெரியாக வந்ததே புகழாசையால்தானோ என்ற ஐயம் அவரை அரித்தது. பல்கலைக்கழகம் அளித்த கௌரவ முனைவர் பட்டத்தைத் துறந்தார். தன் சொந்தப் பணத்தை மிஷன் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். தன்னைப் பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார். 1828இல், மனைவியின் நினைவு நாளன்று, மௌல்மீனுக்கு அருகே காட்டோரம் குடிசை போட்டுத் தனித்திருக்கத் தொடங்கினார். ஒரு கல்லறைக் குழியை வெட்டி, அதன் அருகே அமர்ந்து, தன் உடல் அழுகுவதைக் கற்பனை செய்துகொண்டிருந்ததும் அந்நாட்களில்தான். 1829இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தின் சாரம் இது: கடவுள் எனக்கு அறியப்படாத ஒருவராகவே இருக்கிறார்; அவரை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை.

ஜட்சனைக் குறைசொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை. மனைவியையும் பிள்ளையையும் இழந்த ஒருவரின் துயரத்தை நாம் எடைபோடத் தகுதியற்றவர்கள். ஆனாலும், உள்நோக்கங்களைத் தோண்டிக்கொண்டே போனால் அதற்கு அடித்தளம் என்று ஒன்று தட்டுப்படுவதே இல்லை என்பதை அவருடைய அந்த ஆண்டுகள் காட்டுகின்றன. புகழாசையை விட்டுவிட்டால், விட்டுவிட்டோம் என்ற பெருமை எழுகிறது. அதையும் விட்டால், அதை விட்டதைப் பற்றிய பெருமை எழுகிறது. அவர் மெல்ல மீண்டார். 1830இல் ப்ரோம் நகருக்குப் போய் மறுபடியும் மக்களோடு பேசத் தொடங்கினார். 1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். இன்று பர்மிய மொழியில் வேதம் வாசிக்கிற நம் பிள்ளைகள் கையில் வைத்திருப்பது அந்த மொழிபெயர்ப்பைத்தான். தன்னை நோக்கியே திரும்பியிருந்த முகம் மறுபடி வெளியே திரும்பிய பிறகு அவரால் முடிந்த வேலை அது.

ஆகவே ஒரு நடைமுறை விதி: கடவுள் காட்டுவது குறிப்பாக இருக்கும். "நீ ஒன்றுக்கும் உதவாதவன், உன் ஜெபமே போலி" என்று மொத்தமாக நம்மை நசுக்கும் குரல் எந்தத் தீர்வுக்கும் வழிகாட்டாது. "நேற்று அந்தப் பெண்ணிடம் கூலியைக் குறைத்துக் கொடுத்தாய்" என்ற குரல் தெளிவானது. அதற்கு இன்றே ஏதாவது செய்ய முடியும். மொத்தமாக நசுக்கும் குரல் கேட்கும்போது யோவான் எழுதியதைப் பிடித்துக்கொள்ளலாம்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்."

இந்த ஜெபத்தை எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியரான லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த வரிசையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சீர்திருத்தச் சபையாரும் அதைப் பின்பற்றுவதில் தடையேதும் இல்லை. முதலில் அன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி. அடுத்து, தன் பாவங்களைக் காணும் வெளிச்சத்துக்கான வேண்டுதல். அதன்பிறகுதான் அன்றைய பொழுதை எழுந்தது முதல் மணிவாரியாகத் திரும்பிப் பார்த்தல். பின்பு மன்னிப்புக் கேட்டல். கடைசியாக, திருந்தி நடக்கக் கடவுளின் உதவியோடு தீர்மானித்தல். நன்றி முதலில் வருவது அலங்காரத்துக்காக இல்லை. யாரிடம் நிற்கிறோம் என்பதை நினைவூட்டிய பிறகே அது நம்மைக் குற்றங்களிடம் அழைத்துச் செல்கிறது. வெளிச்சத்தைக் கேட்காமல் நேராக மூன்றாவது படிக்குத் தாவுகிறவர்கள், தமக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய பாவங்களின் பட்டியலையே இரவுதோறும் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த மொழியில் அறிக்கையிடுவது என்பதும் பர்மாத் தமிழர்களுக்கு உண்மையான கேள்விதான். வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, ஆலயத்தில் ஜெபிக்கும் தமிழ் வேறொன்று, பள்ளியிலும் கடையிலும் பர்மிய மொழி என்று நாம் வாழ்கிறோம். சிறுவயதில் மனப்பாடம் செய்த ஜெபத் தமிழ் அழகானது. ஆனால் "எண்ணிறந்த பாவங்களைச் செய்தேன்" என்று அதில் சொல்லும்போது ஒரு பாவமும் உண்மையில் பெயர் சொல்லப்படுவதில்லை. எந்த மொழியில் நீங்கள் சண்டையிடுகிறீர்களோ, எந்த மொழியில் கணக்கை மாற்றிச் சொல்கிறீர்களோ, அந்த மொழியிலேயே கடவுளிடம் சொல்லுங்கள். "வாடிக்கையாளரிடம் பழைய அரிசியைப் புதியது என்று சொல்லி விற்றேன்" என்பது பர்மிய மொழியில் நடந்த பாவமானால், அதைப் பர்மிய மொழியிலேயே சொல்வது கூச்சமாகவும் உண்மையாகவும் இருக்கும்.

மற்றவர்களின் பாவத்தை நம் அறிக்கைக்குள் நுழைத்துவிடாமல் இருப்பதற்கு அதிகக் கவனம் தேவை. "ஆண்டவரே, அவர் என்னைத் தூண்டியதால் நான் கோபப்பட்டேன், மன்னியும்" என்ற ஜெபத்தில் பாதிக்கு மேல் அவரைப் பற்றிய புகார்தான் இருக்கிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அக்கம்பக்கத்துச் செய்திகளைப் பரப்பும் நம் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பெண்கள் ஐக்கியத்தை மட்டும் இதற்குக் குறைசொல்வார்கள், சபைக் கமிட்டி ஆண்கள் அதில் சற்றும் பின்தங்கியவர்கள் இல்லை.

கடவுளிடம் அறிக்கையிட்ட பிறகு மனிதரிடத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு கற்பித்தார். ஆயக்காரர் தலைவனான சகேயு, "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். தாவீது ஆட்டுக்குட்டிக் கதையில் விதித்ததும் அதே நாலத்தனைதான். சீட்டுப் பணத்தில் ஏமாற்றியவர் அழுதால் போதாது, பணத்தைத் திருப்ப வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் தவணை முறையிலாவது. அதே சமயம், நம் மனப்பாரத்தை இறக்கிவைப்பதற்காக எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டிவிடுவது சரியில்லை. ஒருவரைப் பற்றி மனதுக்குள் பொறாமைப்பட்டதை அவரிடமே போய்ச் சொல்வதால் அவருக்குப் புதிதாக ஒரு காயம்தான் உண்டாகும். அறிக்கை தவறு நிகழ்ந்த எல்லை அளவுக்கு விரிந்தால் போதும். குழப்பமான காரியங்களில் ஒரு போதகரிடமோ, குருவானவரிடமோ, இரகசியம் காக்கத் தெரிந்த மூத்த விசுவாசியிடமோ ஆலோசனை கேட்ட பிறகு செயல்படுவது நல்லது.

இந்த ஜெபத்தைத் தவறான இடத்தில் திணிப்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2025 மார்ச் 28 அன்று சகாயிங்கையும் மண்டலேயையும் நிலநடுக்கம் குலைத்தபோது, இறந்தவர்களின் பாவமே காரணம் என்பதுபோல் பேசும் குரல்கள் எங்கிருந்தாவது எழத்தான் செய்யும். 2008இல் நர்கிஸ் புயலுக்குப் பின்னும் அப்படித்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்றார். பிழைத்திருப்பவர்கள்தான் மனந்திரும்ப வேண்டும் என்றார். அப்படியே, கணவனிடம் அடிவாங்கி வரும் பெண்ணிடம் "உன்னை நீ ஆராய்ந்து பார்" என்று அனுப்பிவைப்பது ஆலோசனையே ஆகாது. அங்கே மனந்திரும்ப வேண்டியவன் வேறொருவன். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு.

தனிமனித ஜெபத்தைத் தாண்டி, ஒரு சமூகமாகவும் தன்னை ஆராய வேண்டிய நேரங்கள் உண்டு. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தியைக் கேட்ட நெகேமியா, "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று ஜெபித்தான். பர்மாத் தமிழராகிய நமக்கு இது எளிதாக வருவதில்லை. நமக்கு நேர்ந்த இழப்புகளின் நினைவு அவ்வளவு கனமானது. 1942இல் ஜப்பானியர் முன்னேறியபோது அஸ்ஸாமையும் மணிப்பூரையும் நோக்கி நடந்தே போனவர்களில் எத்தனையோ பேர் வழியில் மடிந்தார்கள். 1960களில் கடைகள் அரசுடைமையான பிறகு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறியவர்களின் கதை இல்லாத குடும்பம் குறைவு. இவை உண்மையான துயரங்கள். யாரும் இவற்றைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும், பாதிக்கப்பட்டவர்கள் என்ற ஒரே நினைவோடு வாழ்கிறவர்களுக்குத் தாங்களும் யாரையாவது பாதித்திருப்போம் என்ற எண்ணமே தோன்றாமல் போய்விடுகிறது. நெல் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் கூலியாட்களைச் சேர்த்து வந்த மேஸ்திரிகளும் நம்மவர்களே; முன்பணத்தைக் காட்டிக் கடனில் கட்டிப்போட்டு, கூலியில் பங்கு பிடித்துக்கொண்டதும் அவர்களில் பலர்தான். கடல் கடந்து நாலைந்து தலைமுறை ஆன பின்னும், ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்கள் கல்யாணப் பேச்சு என்று வரும்போது சாதி கேட்பது நின்றுவிடவில்லை. முன்னோர் செய்த ஒவ்வொன்றுக்கும் நாம் தனித்தனியே குற்றவாளிகள் ஆகிவிடுவதில்லை. ஆனால் அதில் நமக்குள் இன்னும் உயிரோடிருப்பது எது என்று சபையாகக் கூடி ஜெபத்தில் கேட்கலாம்.

ஒரு முறை மனந்திரும்பிவிட்டால் போதாதா என்ற கேள்விக்கு, 1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துகளில் முதலாவதே பதில் சொல்கிறது: விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார் என்கிறது அது. ஞானஸ்நானத்தில் நிகழும் பெரிய திருப்பம் மறுபடி மறுபடி நிகழ்வதில்லை. அந்தத் திருப்பத்தின் திசையில் நடப்பதற்குத்தான் அன்றாட ஜெபம் தேவைப்படுகிறது. அதே பாவத்தில் பத்தாவது முறை விழுந்தவர், முந்தைய ஒன்பது அறிக்கைகளும் பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்ற வசனத்தில் எண்ணிக்கை வரம்பு இல்லை. இருந்தாலும் பத்தாவது முறையில், மன்னிப்போடு நின்றுவிடாமல், எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்தக் களைப்பில் இந்தப் பாவம் வருகிறது என்பதையும் காட்டும்படி கேட்பது நல்லது. சில பழக்கங்களுக்கு ஜெபத்தோடு மருத்துவரின் உதவியும் வேண்டியிருக்கும். குடி அவற்றில் ஒன்று.

கடைசியாக, திருவிருந்துக்கு முந்தின இரவு இந்த ஜெபத்தைச் செய்து பார்த்து, எதுவுமே தோன்றவில்லை என்று கலங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், சோதித்தறிந்தபின் விலகிப் போகச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறார். அதே நிருபத்தில் தன்னைப் பற்றி, "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை, என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே" என்றும் எழுதுகிறார். வெளிச்சத்தை உண்மையாகக் கேட்டுவிட்டீர்கள், சற்று நேரம் காத்தும் இருந்தீர்கள், ஒன்றும் தோன்றவில்லை என்றால், பாவத்தை இட்டுக்கட்டித் தேட வேண்டாம். "எனக்குத் தெரியாதவை உமக்குத் தெரியும், ஏற்ற வேளையில் காட்டும்" என்று சொல்லிவிட்டு உறங்கப் போங்கள், காலையில் மற்றவர்களோடு பந்தியில் சேர்ந்துகொள்ளுங்கள்.